தூக்காமல் நிற்பது

கரும்பலகைக்குக் கீழே விழுந்த சாக்பீஸை எடுக்கக் குனிந்தேன். நிமிர முடியவில்லை.

இடுப்பின் அடியில் ஏதோ வழுக்கியது போலிருந்தது. சத்தம் எதுவும் இல்லை. வலிகூட உடனே வரவில்லை. முதலில் இடுப்புக்குக் கீழே ஒன்றுமே இல்லாதது போல ஒரு வெறுமை. அதன் பிறகுதான் வலி வந்தது. வலது பிட்டத்தில் தொடங்கி, தொடையின் வெளிப்புறமாக, முழங்காலைத் தாண்டி, பெருவிரல்வரை ஒரே கோடாக இறங்கியது. மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தபடியே நின்றேன்.

மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள். நான் ஏதோ விளையாட்டுக் காட்டுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார்கள். முன்வரிசைப் பெண் ஒருத்தி மட்டும் எழுந்துவந்து, குனிந்திருந்த என் முகத்தைக் கீழேயிருந்து அண்ணாந்து பார்த்தாள்.

"டீச்சர், அளுறீகளா?" என்று கேட்டாள்.

அதற்குப் பிறகு வகுப்பு அமைதியாகிவிட்டது.

என் பெயர் எஸ்தர். திருத்தங்கலில் ஒரு தொடக்கப் பள்ளியில் வேலை பார்க்கிறேன். வயது ஐம்பதை நெருங்குகிறது. கணவர் ஜெயசீலன் அச்சகத்தில் ஆஃப்செட் மெஷின் ஓட்டியவர். சில ஆண்டுகளுக்கு முன்பு, காலண்டர் சீசன் உச்சத்தில் இருந்தபோது, மெஷினுக்கு முன்னாலேயே அவருக்குப் பக்கவாதம் (மூளைக்குப் போகும் ரத்தம் தடைப்பட்டு, உடலின் ஒரு பக்கம் செயலிழப்பது) வந்தது. இடது கையும் இடது காலும் விழுந்துவிட்டன. பேச்சுக்கும் நினைவுக்கும் ஒன்றும் ஆகவில்லை. எங்களுக்குப் பிள்ளைகள் கிடையாது.

அன்றிலிருந்து அவரைத் தூக்கியது நான்தான். காலையில் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து குளியலறை ஸ்டூலுக்கு, மறுபடி நாற்காலிக்கு. மதிய இடைவேளையில் வீட்டுக்கு ஓடிவந்து சோறு கொடுத்துக் கட்டிலில் படுக்க வைப்பேன். சாயந்தரம் மறுபடி எழுப்புவேன். யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. அவருடைய இரண்டு அக்குளுக்கும் அடியில் கையைக் கொடுத்து, மூச்சைப் பிடித்து, ஒரே இழுப்பு. அவர் என்னைவிட நல்ல கனம். அவ்வப்போது இடுப்பு பிடிக்கும். தைலம் தேய்த்துக்கொள்வேன். வயதானால் யாருக்கும் இருப்பதுதானே என்று நினைத்துக்கொள்வேன்.

வீட்டில் ஒருவரைத் தூக்கிப் பார்த்துக்கொள்கிறவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

அன்றைக்கு எங்கள் பள்ளி வசந்தா டீச்சர் என்னை ஆட்டோவில் கொண்டுவந்து வீட்டில் விட்டார். "படுத்துருங்க டீச்சர். அசையாதீங்க. நான் நாளைக்கு வந்து பாக்கேன்" என்று சொல்லிவிட்டு, இரண்டு வகுப்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டுமே என்று அதே ஆட்டோவில் திரும்பிப் போனார்.

என் கணவர் காலையில் நான் உட்கார வைத்த நாற்காலியிலேயே இருந்தார். என்னைப் பார்த்ததும், "என்ன இம்புட்டு சீக்கிரம்?" என்றார்.

"சும்மாதான். இடுப்பு லேசாப் பிடிச்சிருக்கு."

"அப்ப என்னைய விடு. நான் இப்படியே இருந்துக்கிடுதேன். நீ போய்ப் படு."

நான் கேட்கவில்லை. வெகுநேரம் உட்கார்ந்தே இருந்தால் அவருக்குப் படுக்கைப்புண் (ஒரே இடம் அழுந்தி, தோல் நைந்து உண்டாகும் புண்) வரும் என்று ஏற்கெனவே ஒருமுறை பட்டிருக்கிறோம். வழக்கம்போல அவர் முன்னால் குனிந்து அக்குளுக்குள் கையைக் கொடுத்தேன். அவர் நாற்காலியை விட்டுச் சற்று மேலே வந்தார். அத்தோடு சரி. என் வலது கால் என்னுடையதாக இல்லை. அவர் நாற்காலியிலேயே திரும்ப விழுந்தார். நான் அவர் காலடியில், தரையில் கிடந்தேன்.

எழ முடியவில்லை. ஒருக்களிக்கவும் முடியவில்லை. செல்போன் என் கைப்பையில் இருந்தது. கைப்பை கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது.

அவர் சத்தம் போட்டுக் கூப்பிட்டார். எங்கள் தெருவில் பகலில் ஆள் இருக்காது. காலையில் பட்டாசுக் கம்பெனி வேன்கள் வந்து விஸ்வநத்தம் பக்கமும் தாயில்பட்டி பக்கமும் ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்விடும். மிச்சப் பேர் அச்சகங்களுக்குப் போய்விடுவார்கள். அவருடைய குரல் வாசலைத் தாண்டிப் போய், எதிர்ச் சுவரில் பட்டு, அப்படியே எங்களிடம் திரும்பி வந்தது.

"வேன் வரட்டும். அதுவரைக்கும் அசையாமக் கிட" என்றார் கடைசியில்.

தன் தோளில் கிடந்த துண்டை வலது கையால் உருவி என் பக்கம் எறிந்தார். கைக்கு எட்டும் தூரத்தில் விழுந்தது. அதைச் சுருட்டித் தலைக்கடியில் வைத்துக்கொண்டேன். அவர் கையை நீட்டினார். என்னை எட்டவில்லை. சிறிது நேரம் நீட்டியபடியே வைத்திருந்துவிட்டு மடியில் வைத்துக்கொண்டார்.

மதியம் கழிந்தது. வெயில் ஜன்னல் வழியாக வந்து, தரையில் நகர்ந்து, சுவரில் ஏறியது. ஒரு கட்டத்தில் நாற்காலிக்குக் கீழே தரை ஈரமானது. அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். நானும் தூங்குகிறவள்போலக் கண்ணை மூடிக்கொண்டேன். எங்கள் திருமண வாழ்க்கையில் அவ்வளவு தனியாக நாங்கள் இருவரும் இருந்ததில்லை. ஒரே அறையில், ஒருவருக்கொருவர் எட்டாத தூரத்தில் இருந்தோம்.

வேன் ஹாரன் கேட்டதும் அவர் தொண்டை கிழியக் கத்தினார். பக்கத்து வீட்டு மாரியம்மாள் ஓடிவந்தாள். பட்டாசுக் கம்பெனியில் வேலை செய்கிறவள். வெள்ளி நிற மருந்துத்தூள் முழங்கைவரை அப்பியிருந்தது. கைகூடக் கழுவவில்லை.

"ஆத்தீ! என்ன டீச்சர் இப்படிக் கெடக்கீக!"

நான் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது என் சேலையெல்லாம் அவளுடைய கைத்தடம் வெள்ளியாகப் படிந்திருந்தது.

சிவகாசியில் எலும்பு மருத்துவர் எம்.ஆர்.ஐ. (காந்த விசையைக் கொண்டு உடலின் உட்புறத்தைப் படமெடுப்பது) எடுக்கச் சொன்னார். மறுநாள் படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். முதுகெலும்பின் அடிப்பகுதியில் இரண்டு எலும்புகளுக்கு நடுவே இருக்கும் டிஸ்க் (மெத்தை போல அதிர்வைத் தாங்கும் வட்டு) பின்பக்கமாகப் பிதுங்கி, காலுக்குப் போகும் நரம்பை அழுத்திக்கொண்டிருந்தது. காலில் இறங்கிய அந்த வலிக்கு சயாட்டிகா (இடுப்பிலிருந்து பாதம்வரை ஓடும் நரம்பின் வலி) என்று பெயர்.

"வீட்டுல கனமா எதுவும் தூக்குவீங்களாம்மா? தண்ணிக் குடம், சிலிண்டர்?" என்று கேட்டார்.

"எங்க வீட்டுக்காரரத் தூக்குவேன் சார்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். எப்படித் தூக்குவேன் என்று கையாலேயே காட்டச் சொன்னார். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று, வலியோடு, காற்றில் காட்டினேன்.

"முழங்கால் மடங்கல. முதுகுதான் வளையுது. ஆள் ஒங்க ஒடம்பை விட்டுத் தள்ளி இருக்கார். தூக்கின வாக்குல இடுப்பைத் திருப்புறீங்க. மூணும் சேர்ந்துபோச்சு" என்றார்.

பிறகு பொறுமையாக விளக்கினார். முதுகை வளைத்துக் குனியும்போது டிஸ்கின் முன்பக்கம் நசுங்குகிறது. உள்ளே இருக்கும் கூழ் போன்ற பொருள் பின்பக்கம் தள்ளப்படுகிறது. அந்த நிலையில் தூக்கும் பாரம் உடம்பை விட்டு எவ்வளவு தள்ளி இருக்கிறதோ, அந்த அளவுக்கு இடுப்பின் மீது சுமை கூடுகிறது. அதோடு திருகினால் டிஸ்கின் சுற்றுச்சுவர் மெல்ல மெல்ல இழை பிரிகிறது. ஒருநாளில் நடப்பதில்லை. வலியில்லாமலே ஆண்டுக்கணக்கில் நடக்கும்.

"அப்ப சாக்பீஸ் எடுக்கக் குனிஞ்சதுனால இல்லையா சார்?"

"அது கடைசியா நடந்தது. அம்புட்டுத்தான்."

மாத்திரை கொடுத்தார். படுத்தே கிடக்கக் கூடாது, வலி இடம் கொடுக்கிற அளவுக்கு வீட்டுக்குள் நடக்க வேண்டும் என்றார். பெரும்பாலானவர்களுக்கு அறுவை சிகிச்சை இல்லாமலே சரியாகிவிடும் என்றார். ஆனால் சிறுநீர் போகாமல் நின்றாலோ, தொடையிடுக்கில் மரத்துப்போனாலோ, பாதம் தளர்ந்தாலோ ஒருநாள்கூடத் தள்ளிப்போடாமல் வந்துவிட வேண்டும் என்று சொல்லி, என்னைத் திரும்பச் சொல்லவும் வைத்தார். இதே நோய் உள்ளவர்கள் இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, "அவரை இனிமே நீங்க தூக்கக் கூடாது" என்றார்.

இவருடைய அக்கா பாக்கியம் மதினி விருதுநகரில் இருக்கிறார். மதினியின் மகன் லோடு வண்டி ஓட்டுகிறான். மறுநாள் அவனும் இன்னொருவனும் வந்து, இவரை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி வண்டியில் ஏற்றினார்கள். நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"நீ ஒன் ஒடம்பப் பாரு எஸ்தர். தம்பிய நான் பாத்துக்கிடுதேன்" என்றார் மதினி. நல்ல மனதோடு சொன்னதுதான்.

இவர் என்னைப் பார்க்கவில்லை. வண்டி திரும்பும்போது பார்ப்பார் என்று நினைத்தேன். அப்போதும் பார்க்கவில்லை.

அதன் பிறகு வந்த நாட்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வலியோடு இருக்கும் வீட்டில் ஒன்றும் நடப்பதில்லை. மாரியம்மாள் காலையில் வேலைக்குப் போகும் முன் குடத்தில் தண்ணீர் பிடித்து, நான் குனியாமல் எடுக்கிற உயரத்தில் மேடைமேல் வைத்துவிட்டுப் போவாள். சபையிலிருந்து பெண்கள் ஒருநாள் வந்தார்கள். கட்டிலைச் சுற்றி நின்று ஜெபித்தார்கள். அவருக்காகவே அதிகம் ஜெபித்தார்கள். பிறகு செருப்பு மாட்டும் சத்தம், கேட் சாத்தும் சத்தம், அத்தோடு தெரு ஓய்ந்துவிட்டது.

பல் தேய்த்துவிட்டுத் துப்பக் குனிவதுகூட ஒரு காரியமாகிவிட்டது. கீழே விழுந்த பொருட்கள் விழுந்த இடத்திலேயே கிடந்தன. ஒரு ஸ்பூன், ஒரு மாத்திரை அட்டை, ஒரு கைக்குட்டை. நடந்து போகும்போது அவற்றைச் சுற்றிப் போவேன்.

தினமும் அவருக்குப் போன் செய்வேன்.

"சாப்பிட்டீகளா?"

"சாப்பிட்டேன். நீ?"

"சாப்பிட்டேன்."

இருவரும் வேறொன்றும் சொல்லமாட்டோம். சில நாள் அவர் வைத்த பிறகும் நான் போனைக் காதிலிருந்து எடுக்கமாட்டேன்.

ஒரு முற்பகல், தூரத்தில் பெரிய சத்தம் கேட்டது. ஜன்னல் அதிர்ந்தது. எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு சத்தம் கேட்டால், வீட்டில் இருக்கிற ஒன்றிரண்டு பேரும் தெருவுக்கு ஓடிவந்து, எந்தத் திசையில் புகை என்று பார்ப்பார்கள். நானும் எத்தனையோ முறை ஓடியிருக்கிறேன். அன்றைக்குக் கட்டிலில் இருந்து ஒருக்களித்து, கையை ஊன்றி, காலைத் தொங்கவிட்டு எழுவதற்குள் வெளியே குரல்கள் நகர்ந்துவிட்டன. வாசலுக்கு வந்தபோது தெரு காலியாக இருந்தது. மாரியம்மாள் எந்தப் பக்கம் வேலைக்குப் போயிருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். போன் செய்தேன். கம்பெனிக்குள் போனை அனுமதிக்கமாட்டார்கள் என்பதும் தெரியும். ஆனாலும் செய்தேன்.

சாயந்தரம் அவள் வந்து கல்குவாரி வெடி என்றாள். "அதுக்கா டீச்சர் இப்படி வேர்த்துக் கெடக்கீக?" என்று சிரித்தாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

சில வாரங்களில் வலி குறைந்தது. சந்தோஷப்பட்டேன். ஆனால் வலது கால் செருப்பு நடக்கும்போது தானாகக் கழன்று விழ ஆரம்பித்தது. முதலில் செருப்பைத்தான் சந்தேகப்பட்டேன். புதுச் செருப்பும் கழன்றது. சுவரோரம் நின்று பெருவிரலை மேலே தூக்கிப் பார்த்தேன். தூக்க நினைக்கிறேன், அது கிடக்கிறது. மருத்துவர் எச்சரித்த மூன்றில் ஒன்று வந்துவிட்டது. வலி குறைந்தால் நோய் குறைகிறது என்று அர்த்தமில்லை என்பதை அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

சிவகாசி மருத்துவர் உடனே மதுரைக்கு அனுப்பினார். பிதுங்கிய பகுதியை மட்டும் அகற்றும் சிறிய அறுவை சிகிச்சை. அட்மிஷன் போடும் இடத்தில் இருந்தவர், "கூட யாரு?" என்று கேட்டார். வசந்தா டீச்சர்தான் வந்திருந்தார். கையெழுத்துப் போட்டார். அறுவை முடிந்து நான் கண் விழிக்கும்வரை இருந்துவிட்டு, அவர் வீட்டிலும் பிள்ளைகள் இருக்கிறார்களே, கடைசி பஸ்ஸுக்கு முன் கிளம்பிப் போனார்.

வார்டில் அந்தப் பக்கம் ஒரு கட்டில், இந்தப் பக்கம் ஒரு கட்டில். இரண்டிலும் நோயாளியைச் சுற்றி ஆட்கள் இருந்தார்கள். என் கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூல் காலியாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் யாரோ வந்து, "இது யாருக்கும் வேணுமா?" என்று கேட்டு எடுத்துப் போனார்கள்.

என்னைத் திருப்பிப் படுக்க வைக்க இரண்டு நர்ஸ்கள் வந்தார்கள். ஒருவர் தோளிலும் இடுப்பிலும், இன்னொருவர் தொடையிலும் கை வைத்தார்கள். "அம்மா, ஒங்களைத் திருப்பப் போறோம். மரக்கட்டை மாதிரி ஒரே சேரத் திரும்பணும். நீங்களும் எங்ககூட வரணும். ரெடியா?" என்றார் ஒருவர். நான் ரெடி என்று சொன்ன பிறகுதான் திருப்பினார்.

இன்னொரு நேரம் வேறு ஆள் வந்தார். சொல்லாமல் கையை அடியில் விட்டு உருட்டினார். அந்த ஒரு நொடியில் என் உடம்பு முழுவதும் விறைத்துக்கொண்டது. அந்தரத்தில் எங்கோ விழுகிற பயம். கையில் அகப்பட்ட கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்தேன். விறைத்த உடம்பு கனக்கும், திருப்புகிறவருக்கு மேலும் பாரமாகும் என்று அந்தக் கணத்தில் புரிந்தது. இத்தனை ஆண்டுகளாக என் கைகளில் இருந்து இவர் அனுபவித்தது இதுதானோ என்று யோசித்துக்கொண்டே படுத்திருந்தேன். போன் செய்து அவரிடம் கேட்க வேண்டும்போல் இருந்தது. கேட்கவில்லை.

கால் மெல்லத் தேறியது. முழுக்க அல்ல. சில மாதங்களில் பாதத்தைத் தூக்க முடிந்தது. சிவகாசியில் ஒரு இளம் பிசியோதெரபிஸ்டிடம் (உடற்பயிற்சியால் சிகிச்சை அளிப்பவர்) போகச் சொன்னார்கள். பெயர் நந்தினி. முதல் வாரங்களில் நடையும் வயிற்றுத் தசைக்கான பயிற்சிகளும்தான். பிறகு ஒருநாள் என் முன்னால் ஒரு காலி பிளாஸ்டிக் குடத்தை வைத்து, "எடுங்க டீச்சர்" என்றார்.

குனிந்தேன்.

"நில்லுங்க. கிட்ட வாங்க. குடம் ஒங்க காலுக்கு நடுவுல இருக்கணும். இப்ப முதுகை அப்படியே நேரா வச்சுக்கிட்டு, பின்னால நாற்காலி இருக்கிற மாதிரி இடுப்பைப் பின்னுக்குக் கொண்டுபோங்க. முழங்காலை மடக்குங்க. குடத்தை வயித்தோட ஒட்டிக்கிடுங்க. தொடையால எந்திரிங்க. திரும்பணும்னா பாதத்தை எடுத்து வச்சுத் திரும்புங்க, இடுப்பத் திருக்காதீங்க."

ஐம்பதை நெருங்கும் வயதில் குனியக் கற்றுக்கொண்டேன். காலிக் குடத்தோடு வெகுநாள் போனது. தண்ணீர் ஊற்றும்போது கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார்.

ஒருநாள் இவரைப் பற்றிக் கேட்டார். சொன்னேன்.

"வலது காலும் வலது கையும் நல்லாத்தானே இருக்கு? அப்ப அவரு எம்புட்டு எந்திரிப்பாரு?"

பக்கவாதம் வந்த நாளில் இருந்து அவர் எழுவதற்கு நாங்கள் இருவருமே நேரம் கொடுத்ததில்லை. பள்ளிக்கு மணியாகிவிடும்.

விருதுநகருக்குப் பஸ்ஸில் போனேன். இடுப்பில் பெல்ட். உட்கார்ந்தால் கால் இழுத்தது. பெரும்பாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே போனேன். இடம் தர எழுந்தவரிடம் வேண்டாம் என்றேன். அவர் என்னை விநோதமாகப் பார்த்தார்.

இவர் தாழ்ந்த கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தார். மெலிந்திருந்தார். தாடி வளர்ந்திருந்தது. மதினி காபி போடப் போனார்.

"ஏன் நிக்கே? உக்காரு."

"உக்காந்தாத்தான் வலிக்கி. நின்னா ஒண்ணுமில்ல."

பிறகு நான், "வீட்டுக்குப் போவமா?" என்றேன்.

"வேண்டாம்."

"ஏங்க?"

"இன்னொருக்க ஒன்னையத் தரையில பாக்க என்னால ஆகாது. நான் இங்கனயே கெடக்கேன். நீ தெம்பா இரு."

அத்தனை மாதமும் போனில் சொல்லாததை அப்போதுதான் சொன்னார். என்னைப் பார்க்காமல் வண்டியில் போனதன் காரணமும் அதில் இருந்தது.

"நான் தூக்கமாட்டேன்."

"அப்புறம் யாரு தூக்குவா?"

"நீங்கதான் எந்திரிக்கணும்."

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "கேலி பண்ணுதியா? ஒரு பக்கம் செத்துக் கெடக்கு, எந்திரிக்கணுமாம்." காபியோடு வந்த மதினியும், "என்ன பேச்சு பேசுத எஸ்தர்? ரெண்டு ஆம்பளைக சேர்ந்து தூக்குதாக அவனை" என்றார். நான் காபியைக் குடித்துவிட்டு, நின்றபடியே பஸ்ஸில் திரும்பி வந்தேன்.

நந்தினிக்குச் சொந்த ஊர் விருதுநகர். ஞாயிற்றுக்கிழமை அவரே மதினி வீட்டுக்கு வருவதாகச் சொன்னார். நானும் சபைக்குப் போகாமல் அங்கே போனேன். இவர் முகம்கொடுத்துப் பேசவில்லை. நந்தினி அதைக் கண்டுகொள்ளவே இல்லை. முதல் காரியமாகக் கட்டிலை மாற்றச் சொன்னார். தாழ்ந்த கட்டிலில் இருந்து எழுவது நல்ல கால் உள்ளவர்களுக்கே கஷ்டம். உயரமான மரக்கட்டில் வந்தது.

"அண்ணே, விளிம்புக்கு நகர்ந்து வாங்க. வலது பாதத்தைக் கொஞ்சம் பின்னால இழுங்க. இப்ப முன்னால சாயுங்க. இன்னும். மூக்கு காலு வெரலுக்கு நேர வரணும். வலது கையால கட்டிலை ஊனித் தள்ளுங்க."

முன்னால் சாயப் பயந்தார். சாய்ந்தபோது பின்னால் விழுந்தார். கெட்ட வார்த்தை ஒன்று சொன்னார். மதினி உள்ளே போய்விட்டார். நந்தினி அவருடைய செயலிழந்த முழங்காலைத் தன் முழங்காலால் முட்டுக் கொடுத்து, இடுப்பில் கட்டிய பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு, மறுபடி சொன்னார். அக்குளில் கை கொடுத்து ஒருபோதும் இழுக்கக் கூடாது, பக்கவாதம் வந்த தோள்மூட்டு நழுவிவிடும் என்று என்னிடம் சொன்னார்.

அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குத்தான் பெரிய சிரமம். அவர் தடுமாறும்போதெல்லாம் என் கைகள் தாமாக முன்னால் போயின. பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.

ஒரு ஞாயிறு, யாரும் எதிர்பார்க்காத நேரத்தில் எழுந்து நின்றார். நந்தினி பெல்ட்டில் விரல்களை மட்டும் வைத்திருந்தார். நான் அவருடைய உயரத்தை மறந்துபோயிருந்தேன். என்னைவிட ஒரு தலை உயரம். மேலேயிருந்து என்னைப் பார்த்தார். பிறகு கால் நடுங்கி உட்கார்ந்துவிட்டார். "ஏலே தம்பி" என்று மட்டும் சொல்லி மதினி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"இன்னொரு வாட்டி" என்றார் இவர், நந்தினியைப் பார்த்து.

மழைக்காலம் முடிந்த பிறகு வீட்டுக்கு வந்தார். கட்டில் கால்களுக்கு அடியில் மரக்கட்டை வைத்து உயர்த்தியிருக்கிறோம். குளியலறைச் சுவரில் கைப்பிடிக் கம்பி பதித்திருக்கிறோம். எல்லா நாளும் அவரால் முடிவதில்லை. முடியாத நாட்களில் கட்டிலிலேயே சாப்பிட்டு, கட்டிலிலேயே இருக்கிறார். நான் அவரைக் கட்டிலிலேயே விட்டுவிட்டுப் பள்ளிக்குப் போகிறேன். முன்பு அப்படிப் போயிருக்கமாட்டேன்.

என் வலது பெருவிரல் இன்னும் மரத்தே இருக்கிறது. அந்த விரலில் எறும்பு கடித்தால் எனக்குத் தெரியாது. குனிவதற்கு முன் யோசிக்கிறேன். எதையும் சட்டென்று எடுப்பதில்லை. உடம்பு என்பது நினைத்தவுடன் கூட வருகிற ஒன்று என்று இருந்தேன். இப்போது அதற்கும் சொல்லிவிட்டுத்தான் கிளம்புகிறேன். காலம் நீண்டுவிட்டது. முன்பு ஒரே இழுப்பில் முடிந்த காரியத்துக்கு இப்போது இட்லி ஒரு ஈடு வெந்து இறங்கிவிடுகிறது. அந்த நேரம் முழுக்க அவர் நகர்கிறார், மூச்சு வாங்குகிறார், பாதத்தைச் சரிசெய்கிறார், மறுபடி நகர்கிறார். நான் அவருடைய இடது பக்கம், ஒரு சாண் தள்ளி, முழங்காலைச் சற்று மடக்கி நிற்கிறேன்.

இதில் நான் எதிர்பாராத ஒன்று உண்டு. யாரும் சொல்லாததால் சொல்கிறேன். தவறாகத் தூக்கிய அந்த ஆண்டுகளில், ஒரு நாளில் பலமுறை அவருடைய நெஞ்சு என் நெஞ்சோடு ஒட்டியிருந்தது. அவருடைய தாடை என் தோளில் இருந்தது. நாங்கள் அப்போது அதைத் தூக்குவது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தோம். இப்போது முறையாகச் செய்கிறோம். என் இடுப்புக்கு நல்லது. அவர் தோளுக்கு நல்லது. ஆனால் நான் அவரைத் தொடவேண்டிய தேவை அனேகமாக இல்லாமல் போய்விட்டது. அவர் ஊருக்குத் திரும்பி வந்த பிறகும் எனக்குள் ஒரு தனிமை மிச்சம் இருந்தது. அது எதனால் என்று எனக்கு வெகுநாள் விளங்கவில்லை.

போன வாரம் ஒரு காலை, அவர் வழக்கத்தைவிடச் சுலபமாக எழுந்து நின்றார். நாற்காலி பக்கத்திலேயே இருந்தது. உட்காரவில்லை.

"எஸ்தர், பிடிச்சுக்கோ."

"விழப் போறீகளா?"

"இல்ல."

கிட்டப் போய், முதுகை நேராக வைத்துக்கொண்டு, இரண்டு கைகளாலும் அவரைப் பிடித்துக்கொண்டேன். பாரம் எதுவும் என்மேல் வரவில்லை. அவர் தன் காலிலேயே நின்றார்.